சொல்லைத் தேடும் வழி தந்த வீரமாமுனிவர்

முன்னுரை

எரி என்பது தீ. ஏரி என்பது நீர்நிலை. இன்று வகுப்பறைக் கணினியில் எரி என்று எழுதிப் படங்களைத் தேடினால் கொழுந்துவிடும் தீயின் படங்கள் வந்து நிற்கின்றன. ஏரி என்று எழுதினால் கரையும் அலையும் நாரைகளும் நிறைந்த நீர்ப்பரப்பு விரிகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையே எழுத்தில் உள்ள வேறுபாடு ஒரு சிறு சாய்கோடு மட்டுமே. அந்தச் சாய்கோடு இல்லாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து ஓலைச் சுவடியில் தீயும் நீரும் கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றின.

அச்சாய்கோட்டைத் தமிழுக்குத் தந்தவர் என்று அறிஞர்கள் போற்றுபவர், இத்தாலி நாட்டில் பிறந்த ஒரு துறவி என்றால் வியப்பாக இல்லையா? சொற்களை அகர வரிசையில் அடுக்கி, எந்த மாணவரும் தாமே தேடிக் கண்டடையும்படி செய்தவரும் அவரே. அவர்தாம் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய புலவராக அவரை நாம் நன்கு அறிவோம். படம் காட்டிப் பெயர் தேடும் கருவிகள் பள்ளிக்குள் வந்துவிட்ட இந்நாளில், தேடும் வழியைக் கற்பித்த ஆசிரியராகவும் அவரை அறிந்துகொள்ள வேண்டும். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரும் பெற்றோரும் அன்புத் தோழியரும் இச்சிறு வரலாற்றைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பிறப்பும் துறவும்

இத்தாலியின் வடபகுதியில், மாந்துவா நகருக்கு அருகே, காஸ்திலியோனே என்னும் ஊர் உள்ளது. மாணவர்களின் பாதுகாவலராகத் திருச்சபை வணங்கும் புனித ஞானப்பிரகாசியார் 1568ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அதுவே. அதே ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நம் முனிவர் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. சூசையப்பரின் பெயரைத் தாங்கிய அக்குழந்தை, பிற்காலத்தில் அதே சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தமிழில் ஒரு காப்பியமே பாடப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்?

1698ஆம் ஆண்டில், பதினெட்டு வயதை எட்டும் பருவத்தில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் மதுரை மறைப்பணித் தளத்தைப் பற்றிய செய்திகள் ஐரோப்பாவில் பரவியிருந்தன. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தமிழ்த் துறவியரைப் போல உடுத்து, உண்டு, தமிழில் உரைநடை நூல்கள் எழுதி வழிகாட்டிச் சென்றிருந்தார். புனித அருளானந்தர் 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்தி உயிர் துறந்திருந்தார். அத்தகைய மண்ணுக்கு வரவே பெஸ்கி விரும்பினார். 1710ஆம் ஆண்டில் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மதுரைப் பணித்தளத்தை அடைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. தமிழில் ஓர் எழுத்தும் அறியாத முப்பது வயது!

நெல்லைச் சீமையில்

தொடக்க ஆண்டுகளில் அவர் பணிபுரிந்த பகுதிகளுள் நம் திருநெல்வேலிச் சீமையும் ஒன்று. கயத்தாற்றுக்கும் எட்டயபுரத்துக்கும் அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் அவர் தங்கி ஆன்ம காரியங்களைக் கவனித்தார். ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு அவ்வூருக்குச் சென்று வந்தவர்கள் நம்முள் பலர் உண்டு. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1986இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. தாமிரபரணியின் பச்சை வயல்களைத் தாண்டி வடக்கே சென்றால் கறுத்து வெடித்த கரிசல் நிலம் தொடங்குகிறது. அந்தக் கரிசல் மண்ணில்தான் இத்தாலியரான பெஸ்கியின் நாவில் தமிழ் பழகத் தொடங்கியது.

பேச்சுத் தமிழைப் பொதுமக்களிடமிருந்து கற்றார். செந்தமிழைப் புலவர்களிடம் முறையாகப் பயின்றார். சுப்ரதீபக் கவிராயர் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. கான்ஸ்டன்டைன் என்ற தம் பெயரின் பொருளை ஒட்டித் தைரியநாதர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். தமிழ் உள்ளத்தில் ஊறிய பின்னர் அப்பெயர் வீரமாமுனிவர் என்று மாறி நிலைத்தது.

பணி எளிதாக இருக்கவில்லை. 1714, 1715ஆம் ஆண்டுகளை ஒட்டி அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மயிரிழையில் உயிர் தப்பினார். வேறொருவராயின் கப்பலேறித் தாய்நாடு திரும்பியிருப்பார். முனிவரோ அதன்பின் தமிழ் கற்பதில் முன்னிலும் மிகுதியாக மூழ்கினார். இன்று நாம் புரட்டும் அகராதியின் பின்னால் தூக்குமேடைக்கு அஞ்சாத ஒரு நெஞ்சம் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

கண்ணுக்குத் தெளிவு தந்த எழுத்து

தமிழை வளர்ந்த பின் கற்கும் ஒருவருக்கு வரும் முதல் துன்பம் எது? எழுத்தே. நாம் தாய்மடியிலேயே சொற்களை அறிந்து பின்னர் எழுத்தைக் கற்கிறோம். ஆகவே எழுத்து மயங்கினாலும் ஊகித்துப் படித்துவிடுவோம். அயலார் அவ்வாறு ஊகிக்க இயலாது. அவர்களுக்குக் கண்ணில் பட்டதே சொல்.

பழைய இலக்கணப்படி எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி உண்டு. புள்ளி இல்லையேல் அது நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆகவே ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். இதனால் எரியும் ஏரியும் ஒன்றாயின. கொடு என்பதும் கோடு என்பதும் ஒன்றாயின. பெறு என்பதும் பேறு என்பதும் ஒன்றாயின. மெய்யெழுத்தின் புள்ளியும் இல்லாமையால் மண் என்பதையும் மண என்பதையும் பிரித்தறிவது கடினமாயிற்று. குருவிடம் பாடம் கேட்டவர்களே சுவடியைச் சரியாகப் படிக்க முடிந்தது.

முனிவர் இக்குறையை நீக்க வழி கண்டார். எகரத்தின் அடியில் ஒரு கோட்டைச் சாய்த்து இழுத்து ஏகாரம் ஆக்கினார். ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரம் ஆக்கினார். உயிர்மெய் எழுத்தில் ஒற்றைக் கொம்பைக் குறிலுக்கு வைத்துக்கொண்டு, நெடிலுக்கு மேலும் சுழித்த இரட்டைக் கொம்பை அமைத்தார். இதற்கு ஓலையைத் துளைக்க வேண்டியதில்லை. எழுத்தாணியை எடுக்காமலே எழுதிவிடலாம். நடைமுறை அறிந்த ஒருவரே இவ்வாறு திருத்த முடியும் அன்றோ? அச்சு நூல்கள் பெருகிய பிற்காலத்தில் இவ்வடிவங்கள் எங்கும் நிலைபெற்றன. இன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சிலேட்டில் எழுதிப் பழகுவது இவற்றைத்தான்.

மனப்பாடம் செய்த அகராதி

சொல்லின் பொருள் தெரியவில்லை என்றால் நாம் உடனே அகராதியைப் புரட்டுகிறோம். முனிவர் காலத்து மாணவன் என்ன செய்தான்? அவன் நிகண்டை மனப்பாடம் செய்தான். திவாகரம், பிங்கலம், மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு தொகுதி, மரப் பெயர்கள் ஒரு தொகுதி என அவை பகுக்கப்பட்டிருந்தன. பாட்டு நினைவில் இருந்தால் சொல் கிடைக்கும். நினைவில் இல்லையேல் கிடைக்காது.

நிகண்டுகளைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் மொழியின் செல்வத்தைப் பல நூறு ஆண்டுகள் காத்துத் தந்தவை அவையே. ஆயினும் அவற்றைக் கற்கத் திண்ணைப் பள்ளி வேண்டும், ஆசிரியர் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். திண்ணைப் பள்ளியில் இடம் பெறாத ஏழைச் சிறுவனும், படிப்பு உனக்கு எதற்கு என்று அடுக்களையில் நிறுத்தப்பட்ட சிறுமியும் ஒரு சொல்லின் பொருளை யாரிடம் போய்க் கேட்பார்கள்? அவர்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது.

அக்கதவைத் தட்டியவர் முனிவருக்கு முன்னரும் இருந்தனர். 1594ஆம் ஆண்டில் இரேவண சித்தர் என்பவர் சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் அமைத்து அகராதி நிகண்டு என்ற நூலைச் செய்யுளில் இயற்றினார். அகராதி என்ற பெயரே அந்நூலால் பரவியது. அந்தாம் தெ புரொயென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, 1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அது முனிவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு. இவர்கள் தொடங்கிய பணியை முனிவர் நிறைவாக்கினார்.

நான்கு வாயில்கள்

1732ஆம் ஆண்டில் முனிவர் சதுரகராதியை இயற்றி முடித்தார். சதுர் என்றால் நான்கு. நான்கு பகுதிகள் கொண்ட அகராதி என்பது பொருள். சொற்களுக்குச் சொற்களாலேயே உரைநடையில் பொருள் கூறி, முதலெழுத்தோடு நில்லாமல் அடுத்தடுத்த எழுத்துகளையும் வரிசைப்படுத்தி அமைத்தமையால் தமிழ் அகராதிக் கலையின் தந்தை என்று முனிவரைப் போற்றுகிறோம். நூலின் நான்கு பகுதிகளையும் நான்கு வாயில்கள் என்று சொல்லலாம்.

முதலாவது பெயரகராதி. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களை இது கூறும். எடுத்துக்காட்டாக அரி என்ற சொல்லைக் கொள்வோம். அது திருமாலையும் குறிக்கும், சிங்கத்தையும் குறிக்கும், குரங்கையும் குறிக்கும். சொல் தெரியும், பொருள் தெரியாது என்பவர் இவ்வாயிலில் நுழையலாம்.

இரண்டாவது பொருளகராதி. இது தலைகீழான வழி. பொருள் தெரியும், அதற்குரிய வேறு பெயர்கள் தெரியவில்லை என்பவருக்கு இது உதவும். யானை என்று தேடுவோர்க்குக் களிறு, வேழம், கரி என்று பெயர்கள் அணிவகுக்கும் முறை இது.

மூன்றாவது தொகையகராதி. முக்கனி, ஐந்திணை, அறுசுவை என்று எண்ணி வழங்கும் தொகுதிகளில் அடங்கியவை எவை என்று இது கூறும்.

நான்காவது தொடையகராதி. செய்யுள் எழுதுவோர்க்கு எதுகையாக அமையும் சொற்களை இது வரிசைப்படுத்தித் தரும். ஓசையைக் கொண்டு சொல்லைத் தேடும் வழி இது.

தேடுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தார் முனிவர். ஒருவர் கையில் சொல் இருக்கும். ஒருவர் கையில் பொருள் இருக்கும். ஒருவர் கையில் எண் இருக்கும். ஒருவர் கையில் ஓசை மட்டும் இருக்கும். யார் எதைக் கொண்டு வந்தாலும் வெறுங்கையுடன் திரும்பலாகாது என்று நான்கு பக்கமும் வாயில் வைத்தார். என்னே அவரது அன்பு! தாமே ஒரு காலத்தில் சொல் தெரியாமல் தவித்தவராதலால் பிறர் தவிப்பை அவரால் உணர முடிந்தது போலும்.

சதுரகராதி நெடுங்காலம் ஓலையிலேயே படியெடுக்கப்பட்டு வழங்கிற்று. முனிவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1824இல், சென்னைக் கல்விச் சங்கத்தின் வழியாக முழுமையாக அச்சேறியது. அதன்பின் வந்த அகராதிகள் பல. 1862இல் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அவை எல்லாம் முனிவர் அமைத்த பாதையில் நடந்து வந்தவையே.

ஓயாத எழுதுகோல்

முனிவரின் மற்ற நூல்களையும் சுருக்கமாகக் காண்போம். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணி அவருடைய தலைசிறந்த படைப்பு. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து இலக்கணத்தையும் தொன்னூல் விளக்கம் என்ற நூலில் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து ஐரோப்பியர்க்கு வள்ளுவரை அறிமுகம் செய்தார். வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலும் சிரிப்பூட்டும் பரமார்த்த குரு கதையும் அவர் எழுதியவை. தமிழ்–இலத்தீன் அகராதியும், போர்த்துக்கீசியம்–தமிழ்–இலத்தீன் அகராதியும் தொகுத்தார். அரியலூர்ப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பிக் கலம்பகமும் பாடினார்.

அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். கொடுந்தமிழ் என்பது மக்கள் நாள்தோறும் பேசும் தமிழ். புலவர்கள் இலக்கணத்துக்கு உரியதாகக் கருதாத பேச்சு மொழிக்கு, இலத்தீனில் ஓர் இலக்கணம் வகுத்தார் முனிவர். உழவர் பேச்சும் சந்தைப் பேச்சும் அவருக்கு ஆராயத் தக்கனவாகத் தோன்றின.

அந்நூல் அச்சான வரலாறு நெஞ்சை நெகிழ்விப்பது. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையினருக்கும் முனிவருக்கும் சமயக் கருத்தில் கடுமையான வாதம் இருந்தது. ஒருவரை ஒருவர் மறுத்து நூல்கள் எழுதினர். ஆயினும் 1738ஆம் ஆண்டில் முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகந்தான்! மாணவருக்குப் பயன்படும் நல்ல நூல் என்று வந்தபோது, வாதம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது. கற்பிப்பவர்களின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இறுதி நாள்கள்

முதுமையில் முனிவர் தெற்கு நோக்கி வந்தார். முத்துக்குளித்துறையில், நம் கடற்கரையிலுள்ள மணப்பாட்டிலும் அவர் வாழ்ந்தார் என்று கூறுவர். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சான அதே அம்பலக்காடு! அருளானந்தர் உயிர் துறந்ததும் ஒரு பிப்ரவரி 4ஆம் நாளிலேதான். முப்பது வயதில் வந்தவர் அறுபத்தாறு வயது வரை இம்மண்ணிலேயே வாழ்ந்து, தாய்நாட்டை மீண்டும் காணாமலே கண்மூடினார். 1968ஆம் ஆண்டில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரீனா கடற்கரையில் வள்ளுவர், ஔவையார் முதலியோருடன் முனிவருக்கும் சிலை எழுப்பித் தமிழகம் நன்றி செலுத்தியது.

இன்றைய வகுப்பறையில் முனிவர்

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்றைய தேடுகருவிக்கு எழுத்து என்பது ஓர் எண். உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக அமைத்த ஒருங்குறி முறையில் எகரத்துக்கு 2958 என்றும் ஏகாரத்துக்கு 2959 என்றும் எண்கள் உள்ளன. ஒகரத்துக்கு 2962, ஓகாரத்துக்கு 2963. எழுத்து வடிவம் இரண்டாகப் பிரிந்து நிலைத்தமையால் எண்ணும் இரண்டாக அமைந்தது. ஆகவேதான் எரி என்றால் தீயும் ஏரி என்றால் நீரும் திரையில் தோன்றுகின்றன. புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அதிலுள்ள எழுத்துகளைப் படிக்கும் கருவிக்கும் இவ்வேறுபாடே துணை. முனிவர் மனிதக் கண்ணுக்காகச் செய்த திருத்தம், இயந்திரத்தின் கண்ணுக்கும் இன்று உதவுகிறது.

படத்தைக் காட்டிப் பெயரைத் தேடும் கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொருளகராதியைப் புரட்டவும் நமக்கு ஒரு சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். இதற்கோ ஒரு சொல்லும் வேண்டாம். பொருளைக் காட்டினால் போதும். ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டும். அது படத்தின் வடிவையும் நிறத்தையும் எண்களாக மாற்றி, தன்னிடம் உள்ள எண்ணற்ற படங்களோடு ஒப்பிட்டு, எது மிகவும் ஒத்திருக்கிறதோ அதை எடுத்துக் காட்டுகிறது. இது அதைப் போன்றது என்றுதான் அதனால் கூற முடியும். இது அதுவேதான் என்று உறுதி சொல்ல வேண்டியவர் நாமே.

எங்கள் வகுப்பில் தமிழம்மா ஒரு நாள் ஒரு பயிற்சி நடத்தினார். வயல் வரப்பிலிருந்து பறித்து வந்த சிறு செடியைப் படம் பிடித்து ஸ்மார்ட் போர்டில் தேடினார். ஒன்றுக்கொன்று ஒத்த மூன்று நான்கு செடிகளின் படங்கள் வந்தன. எது சரி? அப்போது தமிழம்மா செடியின் தமிழ்ப் பெயரை எண்ணிப் பார்க்கச் சொன்னார். கீழாநெல்லி! பெயரிலேயே விடை இருந்தது. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தோம். இலைகளின் கீழே மணி மணியாய் நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் தொங்கின. மேலிருந்து எடுத்த படத்தில் அவை தெரியவே இல்லை. பச்சிலை மருந்தில் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று கலந்தால் விளைவு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செடிக்குப் பெயரிட்ட நம் முன்னோர் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் பெயரோடு சேர்த்தே சொல்லி வைத்திருந்தனர்.

இன்னொரு குறையும் உண்டு. கூந்தங்குளத்தில் கூடுகட்டும் பெரிய அலகுடைய பறவையைப் படம் காட்டித் தேடினால் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரே முதலில் வருகிறது. கூழைக்கடா என்ற பெயரை அறிய ஊர்ப் பெரியவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்குக் கருவியை நொந்து பயனில்லை. யாரோ ஒருவர் தொகுத்து வைத்ததைத்தான் கருவி எடுத்துக் கொடுக்கும். தொகுக்காத சொல் அதற்குத் தெரியாது. நாளடைவில் நமக்கும் தெரியாமல் போகும். தாமிரபரணிக் கரையில் பிறந்த பெண் ஆற்றங்கரைப் பறவைக்கும் செடிக்கும் தமிழ்ப் பெயர் தெரியாமல் வளர்ந்தால், அதைவிடப் பெரிய வறுமை வேறு உண்டோ?

முடிவுரை

தோழியரே! முனிவர் நமக்குக் காட்டிய நான்கு வாயில்களிலும் நாமே ஒரு சிறு அகராதி தொகுக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். அதை நான்காகப் பிரித்துக்கொள்வோம்.

பெயர்ப் பகுதியில் கால் என்ற ஒரு சொல்லையே எழுதிப் பாருங்கள். உடம்பின் உறுப்பு, நான்கில் ஒரு பங்கு, காற்று, வயலுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்கால் என்று அது விரியும். பொருள் பகுதியில் பனையை எழுதுங்கள். வடலி, பாளை, நுங்கு, பதநீர், கருப்பட்டி, கலயம், கடவப்பெட்டி என்று பனையைச் சூழ்ந்த சொற்களைப் பாட்டிமார் சொல்லித் தருவார்கள். தொகைப் பகுதியில் நம் ஆற்றுப் பாசனத்தின் இரண்டு நெற்பருவங்களான காரையும் பிசானத்தையும் சேருங்கள். தொடைப் பகுதியில் மடை, நடை, படை, குடை என்று ஓசை ஒத்த சொற்களை அடுக்குங்கள். ஒவ்வொரு சொல்லையும் யாரிடம் கேட்டோம், எந்த ஊரில் கேட்டோம் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். முடிந்தால் படமும் எடுத்து, தமிழ்ப் பெயரோடு சேமித்து வையுங்கள். நாளை ஒரு சிறுமி ஏதோ ஒரு திரையில் தேடும்போது நம் ஊர்ச் சொல் அவளுக்குக் கிடைக்கட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெண் கைபேசியில் ஒரு செடியையோ பறவையையோ தேடிக்கொண்டிருந்தால் அருகில் அமர்ந்து அதன் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அம்மா சொன்ன சொல்லும் ஆச்சி சொன்ன சொல்லும் அவள் எழுதி வைக்க வேண்டிய செல்வங்கள்.

கடல் கடந்து வந்த ஒரு துறவி, உயிருக்கு ஆபத்து வந்தபோதும் நம் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அவர் தொகுத்து வைத்ததால் நாம் இன்று தேடுகிறோம். நமக்குப் பின் வருவோர் தேடுவதற்கு நாமும் சிறிது தொகுத்து வைப்போம்.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்! வளர்க நம் தமிழ்!

– பத்தாம் வகுப்பு மாணவி